ஆமை ஓட்டில் ஒரு கட்டம்

மாமா கத்தரிக்கோலைத் துணியின் மூலையில் வைத்துவிட்டார். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் வெட்டியிருப்பார்.

"வெட்டாதீங்க மாமா" என்றாள் சின்னவள். குரலில் பதற்றமே இல்லை. பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு, டாக்டர் அஞ்சு மணிக்குத்தான் வருவார் என்று தினமும் சொல்லும் அதே குரல்.

"பின்ன என்னம்மா பண்றது? நாலு மணிக்கு வண்டி வந்துடும். பெரியவள எங்க படுக்க வைக்கிறது?"

நியாயமான கேள்விதான். கூடத்தில் பாதியை அந்த மரச்சட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. ஆள் உயரம், இரண்டு கையையும் விரித்தால் எட்டாத அகலம், முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள். போன வருடம் மாமாவே கூடத்துக்குள் உட்கார்ந்து அடித்துக் கொடுத்தது. கடைசி ஆணியையும் அடித்த பிறகுதான் அது வாசல் வழியாக வெளியே போகாது என்பது எல்லாருக்கும் உறைத்தது. "வெளிய எதுக்குப் போகணும்? இது என்ன வேலைக்கா போகப்போகுது?" என்று சொல்லி அக்காதான் அவர் மானத்தைக் காப்பாற்றினாள்.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் பெரிய ஆமை ஒன்று ஏறக்குறைய முழுசாக முளைத்திருந்தது. மழலையர் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் உட்கார்ந்து கதை கேட்பதற்கான விரிப்பு. துப்பாக்கி போலிருக்கும் கைமெஷினைப் பிடித்துக்கொண்டு அக்கா நூலைத் துணிக்குள் குத்திக் குத்தி ஏற்றுவாள். அது போடும் சத்தத்துக்கு எதிர்வீட்டுத் தையல்காரி ஜன்னலைத் திறந்து, "உங்கக்கா சுட ஆரம்பிச்சாச்சா?" என்பாள். குத்திய நூலைத் துணி சும்மா கவ்விக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பின்பக்கம் பசை தடவிக் காயவிட்டால்தான் நிற்கும். அதற்குள் துணியைத் தளர்த்தினால், இழுத்த இழுப்புக்கு எல்லாம் கையோடு வந்துவிடும்.

"அப்ப பசையத் தடவிடுவோம். எங்க இருக்கு?"

"ஒரு கட்டம் பாக்கியிருக்கு மாமா. பசை போட்டா அப்புறம் நூல் ஏறாது."

உள்ளங்கை அளவு இடம். ஆமை ஓட்டின் நடுக்கட்டம். பச்சைக் கம்பளி நூல் அங்கே வந்து தீர்ந்துபோயிருந்தது. அதே சாயம் இனி வராது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். பதிலுக்கு எதைப் போடலாம் என்று நான்கு விதமான நூல்களை முழ நீளத்துக்கு வெட்டி, அக்கா சட்டத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தாள்.

நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அக்கா கேட்டாள். "ஏய், இதுல எதப் போடட்டும்? கொஞ்சம் தொட்டுப் பாத்துச் சொல்லு."

சின்னவள் போனில் செருப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "எதையாவது போடுக்கா. ஆமைக்கு என்ன தெரியப்போகுது?"

"ஆமைக்குத் தெரியாது. உக்கார்ற பிள்ளைங்களுக்குத் தெரியும்" என்று அக்கா சிரித்தாள். அப்புறம் எதுவும் பேசாமல் படுக்கப் போய்விட்டாள். காலை ஆறு மணிக்குக் குளியலறை வாசலில் விழுந்தாள். ஏழரை மணிக்கு ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். நாற்பத்தாறு வயது. ஒரு தும்மல்கூட இல்லாமல் இருந்தவள்.

சின்னவள் அங்கிருந்தே தன் வேலையிடத்துக்குப் போன் செய்து, "தலைவலி, இன்னைக்கு வரல" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டுத் திருத்தவும் இல்லை.

மாமா கத்தரிக்கோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதிர்வீட்டுத் தையல்காரியும் கைகொடுக்க, சட்டத்தை ஒரு முழம் நகர்த்தினார்கள். அதன் மறுபக்கம் ஒரு கட்டில் போட இடம் கிடைத்தது. சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம்.

சொன்னபடி நாலு மணிக்கு அக்கா வந்தாள். ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் வயிற்றை எக்கிக்கொண்டு சட்டத்தைச் சுற்றிப்போய் அழுதுவிட்டு, மறுபடி வயிற்றை எக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள். மாமாவின் மனைவி சின்னவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்டாள். "கடைசியா உன்கிட்ட என்னடி சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல அத்தை."

காலையிலிருந்து ஐந்தாறு பேர் கேட்டுவிட்டார்கள். எல்லாருக்கும் அதே பதில்தான். அக்கா கேட்டதைச் சொன்னால், தான் சொன்ன பதிலையும் சொல்ல வேண்டுமே. அழுகை வரவில்லை. வந்திருந்தாலாவது கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

ஆறு மணிக்குக் கூட்டம் குறைந்தது. தையல்காரி நூல் மாட்டிய ஆணியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் தாமாகவே அந்த நூல்களிடம் போயின. துணிமணியோடு புழங்கிய கை சும்மா இருக்குமா?

"இந்தப் பச்சை அக்ரிலிக்" என்றாள் மெல்ல. "நிறம் பொருந்துது. ஆனா பாருங்க, ரெண்டு தேய் தேச்சா பஞ்சு பஞ்சா கழண்டு வருது. சின்னப் பிள்ளைங்க வாயில போட்டுக்கும்."

"அப்ப இந்த வெள்ளை?" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"அது பருத்தி. நாலு நாள் உக்காந்தா அப்படியே படிஞ்சு போயிடும்."

"பழுப்பு நல்ல கம்பளிதான்னு நினைக்கிறேன்" என்று மாமாவும் எட்டிப் பார்த்தார். "ஒரு நுனியக் கொளுத்திப் பாத்தா தெரிஞ்சிடும். முடி கருகின வாசனை வந்தா கம்பளி, உருகி உருண்டையானா பிளாஸ்டிக். பெரியவதான் சொல்லுவா."

"இன்னைக்குப் பாத்துத்தான் உங்களுக்குக் கொளுத்தணுமா?" என்று அத்தை முறைத்தாள். மாமா அடங்கினார்.

தையல்காரி பழுப்பு நூலை உருட்டி உள்ளங்கையில் வைத்து அமுக்கி விட்டாள். "கம்பளிதான். எவ்வளவு அமுக்கினாலும் எழுந்துக்குது பாருங்க. இந்த நீலமும் அப்படித்தான், ஆனா பழைய ஸ்வெட்டரப் பிரிச்சது. சுருள் சுருளா இருக்கு. ரெண்டு இழை சேர்த்து விட்டா துப்பாக்கில சிக்குமோ என்னமோ."

"சுருள் இருந்தாத்தான் ஓடு மாதிரி மேடு தட்டும்" என்றாள் அத்தை.

"பழுப்புதான் ஆமை நிறம்" என்றாள் தையல்காரி.

"ஆமை எங்கடி பழுப்பு?"

மூவரும் அடங்கிய குரலில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. காலையிலிருந்து அவளை அழச் சொல்லாத பேச்சு அது ஒன்றுதான். யாராவது காப்பி போட்டுக் கொண்டுவந்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"நாம பேசி என்ன ஆகப்போகுது? சின்னவளே, நீ சொல்லு. கூடவே இருந்தவ நீதான்" என்று தையல்காரி நூல்களை நீட்டினாள்.

சின்னவள் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பச்சையையும் வெள்ளையையும் விரலிடுக்கில் ஒதுக்கினாள். பழுப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், பிறகு நீலத்தை. இரண்டையும் அமுக்கினாள், விட்டாள். இரண்டும் எழுந்தன. வெளிச்சத்தில் பிடித்து, துணியில் இருந்த பச்சையோடு ஒட்டி வைத்து நெடுநேரம் பார்த்தாள். ஒரு வேலையில் இவ்வளவு கவனமாக அவள் இருந்து யாரும் பார்த்ததில்லை.

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இருங்க, அக்காவக் கேட்டுட்டு வந்துடறேன்."

நூல்களைக் கையில் பிடித்துக்கொண்டு சட்டத்தின் அந்தப் பக்கம் நடந்தாள். இடுக்கில் நின்றிருந்த மாமா சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.