இன்றைக்கு எவ்வளவு இறங்கியது

என் தம்பி ஸ்டேய்னாரைப் பனிக்கட்டி கொன்றுவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். என் முகத்துக்காக அப்படிச் சொல்கிறார்கள். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஓட்டர். மேட்டு நிலத்து அணையில் இயந்திரம் பார்க்கிறவன். கோடையில் பனியாறு உருகி ஏரியை நிரப்பும். குளிர்காலம் முழுக்க அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயில் இறக்கி மின்சாரமாக்குவோம். நாட்டின் விளக்குகள் பாதி எங்கள் நீரில் எரிகின்றன, மீதி தெற்கே பூமிக்குள்ளிருந்து வரும் நீராவியில். அந்த நவம்பரில் நீராவி நிலையத்தில் பெரிய பழுது. நீராவி வரும் கிணறுகளில் பாதியை மூடிவிட்டார்கள். அந்தக் குறையையும் எங்கள் ஏரிதான் சுமந்தது. ஒரே வாரத்தில் நாலு மீட்டர் இறங்கிவிட்டது. இறக்கியவன் நான். தினமும் காலையில் அளவைக் குறித்தவனும் நான்தான்.

ஸ்டேய்னார் ஆட்டுக்காரன். செப்டம்பரில் ஊரே கூடி மலையிலிருந்து ஆடுகளை ஓட்டி வந்த பிறகும் நாலைந்து எங்காவது தங்கிவிடும். பனி விழுந்ததும் அவற்றைத் தேடிப் போவான். கூடவே ஃப்ளெக்காவையும் கூட்டிப்போவான். அவள் முன்னோடி ஆடு. அந்த வம்சமே தனி. பனிப்புயலில் மனிதனுக்குக் கண் தெரியாதபோதும் வழி கண்டுபிடித்து முன்னால் நடக்கும், மற்றவை பின்னால் வரும். புயல் வரப்போகிறதென்றால் கொட்டிலை விட்டே வெளியே வராது. வானிலைச் செய்தியைவிட அவளைத்தான் என் தம்பி நம்பினான். நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்.

அன்று நண்பகலில் போன் செய்தான். அணைக்கு நேர் எதிரே, ஏரியின் அக்கரையில் நின்றான். ஏழு ஆடுகள் கிடைத்திருந்தன.

"கரையைச் சுத்தி வந்தா விடிஞ்சிடும் போல. மேகம் வேற கறுக்குது. நேரா ஏரி மேல நடந்து வந்துடவா?"

"தாராளமா வா. நேத்துதான் துளை போட்டு அளந்தேன். முழங்கை நீளம் கெட்டியா இருக்கு. டிராக்டரே போகும்."

எதையோ பிடித்து இழுத்து அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

"இவ வரமாட்டேங்கிறா, ஓட்டர்."

"யாரு, உன் பொண்டாட்டியா?"

"விளையாடாத. ஃப்ளெக்கா. காலை ஊனிக்கிட்டு நிக்கிறா. கொம்பைப் புடிச்சு இழுத்தும் நகரல."

"இருபது வருசமா அணையில கிடக்கிறவன் சொல்றேன், அதை விட்டுட்டு ஆடு சொல்றதைக் கேப்பியா? கல்யாணத்துக்கும் அவகிட்டதான் உத்தரவு வாங்கினியா?"

சிரித்துவிட்டான். "சரி, சரி. நான் முன்னால நடந்து காட்டுறேன். பின்னாலயே வருவா."

அணை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது அடி நடந்திருப்பான். பிறகு அங்கே அவன் இல்லை. பனிக்கட்டி உடைந்த சத்தம் எனக்கு அதற்கப்புறம்தான் வந்து சேர்ந்தது. கரையில் எட்டு ஆடுகளும் அப்படியே நின்றன.

இயற்கையான ஏரியில் பனிக்கட்டியை நீர் தாங்கிக்கொண்டிருக்கும். இங்கே நீரை நான் அடியிலிருந்து உருவிவிட்டேன். நடு ஏரியில் பனிக்கட்டியும் நீரோடு சேர்ந்து இறங்கிவிட்டது. நான் துளை போட்டது அங்கே. அவன் கால் வைத்த கரையோரத்தில் பாறைகள் அதைப் பிடித்து நிறுத்தியிருந்தன. மேலே கூரை மாதிரிப் பனிக்கட்டி, கீழே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒன்றுமில்லை, அதற்கும் கீழே தண்ணீர். கட்டி எவ்வளவு தடிமன் என்று எனக்குத் தெரியும். நீர் எவ்வளவு இறங்கியது என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. ஓர் ஆட்டின் காலுக்குத் தெரிந்தது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

இயந்திரங்களை ஆறு மணி நேரம் நிறுத்தினோம். முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். பனியாற்றுத் தண்ணீர் சேறாகக் கலங்கிக் கிடந்தது, நீட்டிய கையே தெரியவில்லை என்றார்கள். பிறகு புயல் வந்தது. நாட்டில் வீடுகள் குளிர்ந்துகொண்டிருந்தன. இயந்திரங்களை மறுபடி ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினேன்.

தம்பி மனைவி ராக்னாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ளெக்கா மறுத்ததையும் நான் கிண்டல் செய்ததையும் மறைக்கவில்லை. அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"அவனை எப்ப வெளியில எடுப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நீர் இறங்கணும். ஏப்ரல் கடைசிக்குள்ள அந்த இடம் வத்திடும். மே மாசம் பனியாறு உருக ஆரம்பிச்சா மறுபடி ஏறிடும். அப்புறம் அடுத்த வருசம்தான்."

அன்றிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு அவள் போன் வரும். வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது.

"இன்னைக்கு எவ்வளவு இறங்குச்சு?"

"ஒரு சாண்."

"சரி."

என் பிழைப்பு இப்படி ஆனது. தம்பியை மூடியிருந்த நீரை ஒவ்வொரு சாணாக வடித்து, முன்பின் தெரியாதவர்கள் சோறாக்கவும் வெந்நீர் வைக்கவும் அனுப்பிக்கொண்டிருந்தேன். குளிர் அதிகமாக வேண்டும், நாடு நிறையச் செலவழிக்க வேண்டும் என்று அணைக்காரன் வேண்டிக்கொண்ட ஒரே குளிர்காலம் அதுவாகத்தான் இருக்கும்.

மார்ச் நடுவில் நீராவி நிலையம் சரியாகிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம், அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். ஏரிக்கு இனி ஓய்வு கொடுங்கள் என்று உத்தரவு வந்தது.

"இன்னைக்கு?"

"ரெண்டு விரல்."

"நேத்தும் ரெண்டு விரல்தானே?"

"நீராவி வந்துடுச்சு ராக்னா. நம்ம தண்ணிய இப்ப அவ்வளவா கேக்கமாட்டாங்க."

அதற்குப் பிறகு மூன்று நாள் போன் வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. நாலாம் நாள் மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

நல்ல வெயில், பனியில் கண் கூசியது. அந்த வெயிலில் அவள் வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. வாசலில், கொட்டிலில், மாடியில் ஒன்று விடாமல். ஜன்னல்களைத் திறந்துவைத்து ஹீட்டர்களை ஓடவிட்டிருந்தாள். மின்சார அடுப்பின் நாலு வட்டமும் சிவந்து கிடந்தன, மேலே ஒரு பாத்திரம் இல்லை.

"என்ன இது?"

"நான் செலவழிச்சா நீ தண்ணி விட்டுத்தானே ஆகணும்?" முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கொஞ்சமாவது இறங்கும்ல, ஓட்டர்?"

அந்த வீடு மாதக்கணக்கில் அப்படி எரிந்தாலும் ஏரி ஒரு மயிரிழை இறங்காது. அந்தக் கணக்கு இந்த ஊரில் என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது.

"இறங்கும்," என்றேன்.

அவள் ஊற்றி வைத்த காப்பியைக் குடிக்க முடியவில்லை. எழுந்து பின்பக்கம் போனேன். ஸ்டேய்னாரின் பட்டறை மட்டும் இருட்டாக இருந்தது, அவள் அதற்குள் போக மனம் வராமல் விட்டிருக்க வேண்டும். கதவைத் திறந்து அந்த விளக்கையும் போட்டேன்.