சேஃப்டிக்கு ஒன்று

எங்கள் டீம் லீடருக்கு நாங்கள் வைத்த பெயர் சேஃப்டி. எதை எழுதினாலும் சேஃப்டிக்கு ஒரு வரி சேர்த்துவிடுவார். எதற்கு என்று கேட்டால், இருந்துவிட்டுப் போகட்டுமே என்பார்.

கணினி தன் கோப்புகளைக் கையாளும் நிரல்தான் எங்கள் வேலை. ஒரு கோப்பை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று அதற்குள் ஓர் எண்ணிக்கை ஓடும். பிடித்தால் ஒன்று கூட்டு, விட்டால் ஒன்று கழி. பூஜ்யமானால் கோப்பை நினைவகத்திலிருந்து தூக்கிவிடலாம். ஒன்றாம் வகுப்புக் கணக்கு.

ஒரு வாடிக்கையாளரின் டிஸ்க்கைக் கழற்றவே முடியவில்லை. யாருமே தொடாத டிஸ்க், 'உபயோகத்தில் இருக்கிறது' என்று அடம்பிடித்தது. இதைச் சரிசெய்தால் உனக்கு வேலை நிரந்தரம் என்றார் சேஃப்டி. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா தினமும் போனில் கேட்பதும் அந்த நிரந்தரத்தைத்தான்.

தேடிப் பிடித்துவிட்டேன். கோப்பைத் திறக்கும் இடத்தில் லீடர் சேஃப்டிக்கு ஒன்று அதிகமாகக் கூட்டியிருந்தார். மூடும் இடத்தில், அதுவும் சேஃப்டிக்கு, ஒன்று அதிகமாகக் கழித்திருந்தார். தப்பும் தப்பும் சேர்ந்து சரியாகி, வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அனுமதி இல்லாத ஒருவர் திறக்கப் போனால்? அதிகப்படியாகக் கூட்டியாகிவிட்டது, கதவைச் சாத்தி விரட்டியும் ஆகிவிட்டது, மூடும் இடத்துக்கு அவர் வரவே போவதில்லை. விரட்டப்பட்டவர் இன்னும் கோப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகக் கணினி நம்பும்; டிஸ்க்கைக் கழற்ற விடாது.

இரண்டு வரிகளையும் அழித்து அனுப்பினேன். சேஃப்டி தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"தப்புன்னு நான் சொல்லலம்மா. ரெண்டையும் ஏன் எடுக்கணும்? ஒண்ணு இருக்கட்டும்."

"எது சார்?"

"ஏதோ ஒண்ணு."

கூட்டுவதை மட்டும் எடுத்தால், ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் மூடியதும் கோப்பு காலியாகி மெஷினே படுத்துவிடும், கழிப்பதை மட்டும் எடுத்தால் எந்த டிஸ்க்கும் ஜென்மத்துக்கும் கழலாது என்று விளக்கினேன். நன்றாகத் தலையாட்டினார். அப்படியானால் 'உபயோகத்தில் இருக்கிறது' என்று வரும் செய்தியை மட்டும் தூக்கிவிடு என்றார். டிஸ்க் கழலாது. கழலவில்லை என்பது யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

"சொன்னத செஞ்சுட்டு ஆர்டர வாங்குடி, அப்புறமா திருத்திக்கலாம்" என்றார் பக்கத்து சீட் அக்கா. அவர் நிரந்தர ஆர்டர் வாங்கி வருஷக்கணக்காகிறது. இன்னும் எதையும் திருத்தவில்லை.

நான் செய்தியைத் தூக்கவில்லை. வாடிக்கையாளரின் இன்ஜினியர் பொறுமையிழந்து என்னையே கூப்பிட்டார். நிரல் அவர்களிடமும் இருக்கிறது. எந்த இரண்டு வரிகள் என்று சொன்னேன். அழித்தார். டிஸ்க் கழன்றது. மனிதர் மகிழ்ந்துபோய் எங்கள் நிறுவனத்துக்கு நன்றி எழுத, நிறுவனம் சேஃப்டியை மேடையேற்றிக் கைதட்டியது. மேலதிகாரியைக் கேட்காமல் வாடிக்கையாளரிடம் பேசிய குற்றத்துக்கு என் தற்காலிகம் நீட்டிக்கப்பட்டது.

அம்மாவின் போன் வந்தது.

"ஆயிடுச்சாடி?"

இல்லை என்றேன். வேலையைச் சரியாகச் செய்துவிட்டேன், அதனால்தான் என்றேன். நடந்ததையும் சொன்னேன்.

"அந்த ஆளுக்குக் கைதட்டினாங்களே, நீயும் தட்டினியா?"

"தட்டலம்மா."

"சரி, சாப்பிடு" என்று வைத்துவிட்டாள்.