பேருக்கு முன்னால் ஒரு சொல்

அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டிய கடைசி நாள் அது. லா சப்பலில் ரூ பெர்தொனே தெருவில் அச்சகம் வைத்திருக்கும் சேந்தன் காலையிலிருந்து மூன்று தடவை போன் அடித்துவிட்டான். "அக்கா, அஞ்சு மணிக்குள்ளை சொல்லோணும்." மூன்று தடவையும் ஜெகதீஸ்வரி "ஓம் தம்பி, சொல்லுறன்" என்றாள். என்னத்தைச் சொல்ல? மகள் அஜந்தாவின் கலியாணக் காட். மணமகளின் தகப்பன் பேர் மகேந்திரராசா. அந்தப் பேருக்கு முன்னால் 'அமரர்' என்று போடுவதா, விடுவதா? கேள்வி இவ்வளவுதான். பதினைந்து வருஷமாகப் பதில் இல்லாத கேள்வியை ஐந்து மணிக்குள் முடித்துத் தா என்றால் அவள் எங்கே போவாள்!

2009 மே மாதம் வட்டுவாகலில் ராணுவத்திடம் பேர் பதியப் போன மனிசன். பஸ்ஸில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவரை உயிரோடு கண்டவரும் இல்லை, பிரேதமாகக் கண்டவரும் இல்லை. ஜெகதீஸ்வரி பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை, திவசமும் கொடுக்கவில்லை. திவசம் கொடுத்தால் செத்துவிட்டார் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பிரெஞ்சு அரசாங்கப் பேப்பர்களில் மட்டும் அவர் எப்போதோ செத்துப்போனார். 2012இல் இந்த நாட்டில் வந்திறங்கியபோது அகதிக் கேஸ் எழுதிக் கொடுத்த ஆள், "காணாமல் போனவர் எண்டால் ஆயிரம் கேள்வி கேப்பாங்கள் அக்கா, ஷெல் விழுந்து செத்தவர் எண்டு எழுதுவம்" என்றான். எழுதினான். இவளும் கையெழுத்து வைத்தாள். அன்றிலிருந்து எல்லா விண்ணப்பத்திலும் அவள் விதவை. பிரெஞ்சில் விதவையாக இருப்பது அவளை ஒன்றும் செய்யவில்லை. தமிழில் எழுது என்றபோதுதான் அவளால் முடியவில்லை.

சம்பந்தி தில்லைநாயகி நல்ல மனுசிதான், குறை சொல்லக்கூடாது. ஆனாலும் நேற்றுப் போனில் இழுத்து இழுத்துச் சொன்னாள். "கோவிக்காதேங்கோ, காட்டைப் பார்த்து ஆக்கள் கேப்பினம். இருக்கிறார் எண்டு போட்டால் எங்கை எண்டு கேப்பினம். இல்லை எண்டு போட்டால்... நீங்கள் மணவறையிலை..." மிச்சத்தை விழுங்கிவிட்டாள். விழுங்கினால் மட்டும் விளங்காதா? விதவை மணவறையில் நிற்க மாட்டாள். வில்லியே லே பெல்லில் இருக்கும் தம்பியும் பெண்சாதியும் தாரை வார்ப்பார்கள். பெற்றவள் பின் வரிசைக் கதிரையில் பொட்டில்லாமல் இருந்து பார்க்கலாம்.

இந்தக் கொதிப்போடுதான் அன்று பள்ளிக்கூடக் கன்டீனில் முந்நூறு தட்டுக் கழுவினாள். கூட வேலை செய்பவள் பிலோமினா, பாண்டிச்சேரிக்காரி. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். ஆனால் அவள் கைப்பையில் ஜெபமாலையும் டாரட் சீட்டுக்கட்டும் ஒன்றாகக் கிடக்கும். ராசா, ராணி, நிலவு, பிசாசு என்று படம் போட்ட பழங்காலத்துச் சீட்டு. "சாமியாருக்குத் தெரிஞ்சால்?" என்று கேட்டால், "அவருக்கு ஏன் தெரியணும்?" என்பாள்.

இரண்டரை மணிக்குப் பிள்ளைகள் போய், மேசை துடைத்து, தரை கழுவிய ஜவல் மருந்தின் வாடை அடங்கிய நேரம். ஜெகதீஸ்வரி அவள் முன்னால் வந்து தொப்பென்று இருந்தாள்.

"அக்கா, உங்கடை சீட்டை எடுங்கோ. ஒண்டே ஒண்டுதான் கேக்கோணும். மனிசன் உயிரோடை இருக்கிறாரோ, இல்லையோ?"

"அய்யய்யோ ஜெகா, இது சோசியம் இல்லம்மா. சீட்டு பதில் சொல்லாது. ஒன்ன நீயே பாத்துக்கறதுக்கு ஒரு படம், அவ்ளோதான். சீட்டு கத்துக்கிட்ட வகுப்புல அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

ஜெகதீஸ்வரி அதைக் காதில் வாங்கவில்லை. லா சப்பலில் மூன்று சாத்திரிமாரிடம் அவருடைய சாதகக் குறிப்பைக் காட்டியாயிற்று. ஒருவர் வடமேற்கில் இருக்கிறார் என்றார். ஒருவர் வியாழன் மாறினால் போன் வரும் என்றார். வியாழன் எத்தனையோ தரம் மாறிவிட்டது, போன்தான் வரவில்லை. அந்தக் கூட்டத்தில் இதுவும் ஒன்று என்றுதான் நினைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, விரித்த கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவித் திருப்பினாள்.

இரண்டு மரங்களுக்கு நடுவில் ஒரு ஆண். ஒற்றைக் காலில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறது.

"ஐயோ!" சீட்டு கையிலிருந்து விழுந்தது. "கட்டித் தூக்கிப்போட்டு அடிக்கிறாங்கள் அக்கா! இதைத்தான் நான் இவ்வளவு காலமும் கனவிலை கண்டனான்!"

பிலோமினாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏன்தான் இந்தக் கட்டை வெளியில் எடுத்தோமோ என்றிருந்தது. ஆனாலும் குனிந்து சீட்டைப் பொறுக்கி மேசையில் வைத்தாள்.

"அடிக்கிற ஆளு இதுல எங்க இருக்கான்? பயப்படாம பாரு. மூஞ்சப் பாரு மொதல்ல."

பார்த்தாள். அந்த முகத்தில் வலி இல்லை. செத்த முகமும் இல்லை. எதற்கோ காத்திருக்கிறவனின் முகம். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால். மகேந்திரராசாவும் அப்படித்தான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடப்பார். "இன்ஸ்பெக்டர் ஐயா வாறார்" என்று அவள் பகிடி பண்ணுவாள். அன்றைக்கு பஸ்ஸை நோக்கிப் போனபோதும் அதே நடைதான்.

"யாரு இது?" என்றாள் பிலோமினா.

"அவர்."

"அவர இப்பிடிக் கட்டுனது யாரு?"

ஆமி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதுதான் அவள் எல்லோருக்கும் சொல்லிவந்த பதில். அண்ணன் தம்பிக்கும், கேஸ் எழுதியவனுக்கும், பிள்ளையாருக்கும்கூட. ஆனால் வாயில் வந்தது வேறு.

"நான்."

பிறகு அடக்க முடியவில்லை. ஒலிபெருக்கியில் சொன்னார்கள், ஒரு நாள் என்றாலும் இயக்கத்தில் இருந்தவர்கள் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று. மகேந்திரராசா இயக்கத்துக்குப் பதினொரு மாதம் லொறி ஓடியவர். யாருக்கும் தெரியாது. "நான் மாட்டன், சனத்தோடை சனமாப் போவம்" என்றார். ஜெகதீஸ்வரிதான் கேட்கவில்லை. யாராவது காட்டிக்கொடுத்தால் பிள்ளையும் சேர்ந்து போகும் என்று பயந்தாள். முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வரிசையில் விட்டாள். "ரெண்டு நாளிலை விடுவாங்கள்" என்றாள்.

உண்மையைச் சொன்னால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று அவள் நம்பி எத்தனையோ வருஷமாயிற்று. செத்தார் என்று எழுதினால் கொன்றது யார் என்று தன்னையே கேட்க வேண்டிவரும். அந்தப் பயத்துக்குத்தான் பொட்டும் தாலியும். படத்தில் தொங்கியவரைத் தான்தான் இறக்கவிடாமல் வைத்திருக்கிறாள் என்பது அவளுக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது. மேசையில் தலையை வைத்து, பாவி, பாவி என்று தன்னையே திட்டி அழுதாள்.

பிலோமினா தன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "மகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவளுக்கு அப்ப எட்டு வயசு."

"சொல்லிடு. காட்ல என்ன போடுறதுன்னு அப்புறம் பாத்துக்கலாம்."

நாலே முக்காலுக்குச் சேந்தனின் கடை. ஒரு சுவர் முழுக்கக் கலியாணக் காட்டுகள், எதிர்ச் சுவர் முழுக்க இறந்தவர்களின் முப்பத்தோராம் நாள் நினைவுமலர்கள். அஜந்தா வேலை முடிந்து நேரே அங்கே வந்திருந்தாள். சேந்தன் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பிவைத்தான். தகப்பன் பேருக்கு முன்னால் ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருந்தது.

"அம்மா, விருப்பமில்லாட்டி போட வேண்டாம்" என்றாள் அஜந்தா. "தில்லைநாயகி மாமிக்கு நான் சொல்லுறன்."

ஜெகதீஸ்வரி நின்றபடியே சொன்னாள், சேந்தன் இருக்கிறானே என்றுகூடப் பார்க்கவில்லை. "பிள்ளை, அப்பாவை ஆமி பிடிக்கேல்லை. அவர் மாட்டன் எண்டவர். நான்தான் இழுத்துக்கொண்டு போய் லைனிலை விட்டது."

மகள் கத்துவாள், கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போய்விடுவாள், கலியாணத்துக்கே வராதே என்பாள் என்று எதிர்பார்த்தாள். மகளோ முதலில் பிரெஞ்சில் "தெரியும்" என்றாள். பிறகு தமிழில் சொன்னாள்.

"நான் பக்கத்திலைதானே நிண்டனான். அப்பா லைனிலை நிண்டு திரும்பி என்னட்டைக் கேட்டவர், 'போகட்டோ குஞ்சு?' எண்டு. நான் ஓம் எண்டனான்."

"நீ சின்னப்பிள்ளை, உனக்கென்ன தெரியும்!"

"எனக்குத் தண்ணி விடாய் அம்மா. அப்பா பதிஞ்சால் எங்களை விடுவாங்கள், அந்தப் பக்கம் போனால் தண்ணி தருவாங்கள் எண்டு நீங்கள் சொன்னனீங்கள். அதுக்குத்தான் ஓம் எண்டனான். மாட்டன் எண்டு அழுதிருந்தால் அவர் போயிருக்க மாட்டார்."

சொன்னது உண்மைதான். தண்ணி தருவாங்கள் என்று பிள்ளைக்குச் சொன்னது ஜெகதீஸ்வரிக்கு இவ்வளவு காலமும் நினைவிலேயே இருக்கவில்லை. அதற்குப் பிறகு அடைத்துவைத்த முகாமில் மூன்று மாதம் இந்தப் பிள்ளை வாய் திறந்து ஒரு சொல் பேசவில்லை. ஷெல் சத்தத்தில் பயந்துபோனது என்று நினைத்து நூல் கட்டுவித்தாள். பழியைத் தான் ஒருத்தியே சுமப்பதாக இத்தனை காலம் நினைத்திருந்தாளே, அதில் பாதி எட்டு வயதிலிருந்து இந்தப் பிள்ளையின் தலையில் இருந்திருக்கிறது. மகள் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"நீயில்லையடி குஞ்சு. நான்தான்."

"இல்லை அம்மா."

"நான்தான் எண்டுறன்!"

அஜந்தா தலையை மட்டும் ஆட்டினாள். இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. வெளியே யாரோ மல்லிகைச் சரத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். சேந்தன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விசைப்பலகையைப் பார்த்தான். மணி ஐந்தைத் தாண்டிவிட்டது.

"அக்கா... அப்ப அமரர் எண்டு போடவோ, விடவோ?"

"போடுங்கோ" என்று தாயும் மகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.