உப்புப் பாயசம்

ஆரணியில் நெசவாளர் சங்க ஆண்டுவிழாவுக்கு நாடகம் போட ஒத்துக்கொள்கிறவன் தலையில் யாராவது எலுமிச்சம்பழம் தேய்க்க வேண்டும். எண்பத்திரண்டில் நான் ஒத்துக்கொண்டேன். முந்தைய வருஷம் நான் போட்ட நாடகத்துக்குப் பாதியிலேயே கூட்டம் கலைந்துவிட்டது. அதனால் சங்கத் தலைவர் அருணாச்சலம் இந்த முறை முன்ஜாக்கிரதையாக ஒரு சினிமாத் திரையை மேடைக்கு மேலே சுருட்டிக் கட்டி, புரொஜெக்டர்காரரையும் வரவழைத்து உட்கார வைத்துவிட்டார்.

"ஜனம் எழுந்திரிச்சுதுன்னா கயித்த வுட்ருவேன், கந்தசாமி. படம் ஓடும். அடுத்த வருஷத்துலேர்ந்து நாடகமே கெடையாது," என்றார்.

நான் எடுத்தது தாத்தா காலத்துக் காதல் நாடகம். பெண் பார்க்க வந்தவனை விரட்ட, கதாநாயகி பாயசத்தில் கைநிறைய உப்பை அள்ளிப் போட்டுக் கொடுக்கிறாள். அவன் முகம் சுளிக்காமல் குடித்து, டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டி, இன்னொன்று கேட்கிறான். அவள் அங்கேயே மனசைப் பறிகொடுத்துவிடுகிறாள். அந்தக் காலத்தில் இந்த இடத்தில் கொட்டகையே அதிருமாம். உள்ளூர் மேதாவிகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் டிஸ்கோ வேண்டுமென்றார், ஒருவர் சண்டை வேண்டுமென்றார். எனக்கு அந்த டம்ளர் ஒன்றே போதும் என்று நம்பினேன்.

கதாநாயகி என் அண்ணன் மகள் ரேணுகாம்பாள். கதாநாயகன் ஜினராஜ், வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம், இங்கே பள்ளிக்கூட வாத்தியார். நல்ல உயரம், கணீர்க் குரல். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைகளில் ஐந்து மணி ஆனால் போதும், வசனத்தை அப்படியே விட்டுவிட்டு டிபன் டப்பாவைத் திறப்பான். சரியான சாப்பாட்டு ராமன் என்று எனக்கு எரிச்சல்.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மேடையில் நிஜப் பாயசமே வைக்கப்போகிறேன் என்றேன்.

"அண்ணா, பொழுது சாஞ்சப்புறம் நாங்க எதுவும் சாப்புட மாட்டோமே," என்றான் ஜினராஜ்.

"ஒரு டம்ளருப்பா! நாடகம்ப்பா!"

"உள்ள போறது நெசந்தானண்ணா. தண்ணிகூட கூடாது."

சமணர் வீட்டு வழக்கம் இந்த வட்டாரத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தோன்றவே இல்லை. தலையில் அடித்துக்கொண்டேன். நாடகத்தைப் பகலில் வைக்கலாமென்றால் தறி நிற்பதே ஆறு மணிக்கு. ஆளை மாற்ற நேரமில்லை. வேறு வழியில்லாமல் காலி டம்ளர் என்று முடிவு செய்து, மேடைச் சாமான்களைக் கவனித்த அருணகிரியிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

அருணகிரி நல்லவன். நல்லவர்களால்தான் எனக்கு ஆயுசு குறைகிறது.

விழாவன்று அந்தக் காட்சி வருவதற்குள்ளாகவே பின்வரிசை நெளிய ஆரம்பித்தது. நான்கைந்து பேர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்கள். மேடை ஓரத்தில் அருணாச்சலம் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். ரேணுகா சபையைப் பார்த்து, "கை நெறைய உப்பு போட்டிருக்கேன்" என்று ரகசியம் சொல்லிவிட்டு டம்ளரை நீட்டினாள். வாங்கிய ஜினராஜ் உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னாடா வச்ச அதுல?" என்று அருணகிரியை உலுக்கினேன்.

"பாயசந்தான். கல்யாண விஷயத்துல காலி டம்ளர நீட்டலாமா? அபசகுனம் இல்ல? நாடகத்துல வர்ற மாதிரியே உப்பும் போட்டுட்டேன்," என்றான் பெருமையாக.

ஜினராஜ் அதைக் குடிக்கவும் முடியாது, நிறைந்த டம்ளரைக் கவிழ்த்துக் காட்டவும் முடியாது. மெதுவாக அதை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"மன்னிக்கணுங்க. வெளக்கு வச்சப்புறம் நான் சாப்புடறதில்ல."

புறப்பட்டவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். ரேணுகா திருதிருவென்று விழித்தாள். பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது: "உப்பு போட்டவளே குடிக்கட்டும்!"

அவ்வளவுதான். "குடிம்மா! குடி!" என்று நாலா பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். என் அண்ணன் மகளுக்கு ரோஷம் அதிகம். அடுத்த வசனம் தெரியாத ஆத்திரத்தில், அருணகிரி போட்டது நிஜ உப்பு என்பதும் தெரியாமல், ஒரே மடக்கில் பாதியைக் குடித்துவிட்டாள். அந்த முகம் போன போக்கை யாரும் சொல்லிக் கொடுத்து வரவழைக்க முடியாது. ஜினராஜ் ஓடிப்போய்த் தண்ணீர்ச் செம்பை எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினான்.

"உப்பத் தின்னவங்க தண்ணி குடிச்சுத்தான ஆவணும்? குடிங்க. நான் காலையில திரும்ப வரேன். அப்ப சக்கர போட்டு வைங்க."

செம்பைத் தாழ்த்திவிட்டு அவள் அவனைப் பார்த்தாளே, அந்தப் பார்வைக்காக ஒத்திகை முழுதும் நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்.

கொட்டகை அதிர்ந்தது. அருணாச்சலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கயிறு போயிற்று. மேலேயிருந்த திரை தடதடவென்று இறங்கி ரேணுகாவையும் ஜினராஜையும் மறைத்தது. புரொஜெக்டர்காரர் கடமை தவறாமல் விளக்கைப் போட்டார்.

ஒழிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"யோவ், திரையத் தூக்குய்யா!" என்று யாரோ கத்தினார்கள். "நல்ல எடத்துல பேஜாரு பண்ணிகினு! ஜல்தி தூக்கு!"

கண்ணைத் திறந்தேன். வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தவர்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள். கத்திக்கொண்டே முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர் கயிற்றின் நுனியைத் தேடி மேடையோரம் தவழ்ந்துகொண்டிருந்தார்.

"இன்னா பாத்துகினு நிக்கற, கந்தசாமி? வந்து புடிச்சு இழுய்யா!" என்றார்.

இரண்டு பேருமாக இழுத்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.