விருந்தாளி தின்ற நண்டுகள்

முட்டி வரை குப்பைக் குழிக்குள் இறங்கி நின்றேன். பிழிந்து போட்ட தேங்காய்ச் சக்கையும் நண்டுக் கழிவும் சேர்ந்து அழுகி நாறின. மூச்சை அடக்கிக்கொண்டு நண்டின் முதுகு ஓடு ஒன்றை உருவி, அளவுகோலை வைத்தேன்.

பதினெட்டு சென்டிமீட்டர். சாக்கில் போட்டேன். அடுத்தது.

இன்னும் அரை மணி நேரம்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஊர்க்கூட்டம். சதுப்புக்காட்டில் ஐந்து வருடம் யாரும் நண்டு பிடிக்கக் கூடாது என்று தலைவர் அறிவிக்கப்போகிறார். பிடித்த நண்டைத் தலைநகர் சுவாவின் சந்தையில் விற்றுத்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் அடுப்பெரிக்கிறார்கள்.

தடை கேட்டவர் பேராசிரியர் இசிரேலி. ஒன்பது வருடமாக ஜூலைதோறும் மாணவர்களோடு வந்து தங்குகிறார். பெண்கள் பிடித்து வரும் நண்டை அவர்களோடு உட்கார்ந்து அளப்பதுதான் வகுப்பு. பெரியவற்றையே பிடித்துத் தின்றதால் சிறியவை மட்டும் பெருகி, நண்டு இனமே குறுகிவிட்டது என்பது அவர் கண்டுபிடிப்பு. பரிணாமத்தைக் கண்ணெதிரே பிடித்தவர் என்று விருது கொடுத்தார்கள். நான் அவருடைய உதவியாளர்.

"என்னடி லோசா, சுவாவுல சம்பளம் பத்தலையா? நம்ம ஊர்க் குப்பையைக் கிளற வந்துட்ட?"

குழிக்கு மேலே கெலேரா அத்தை. சதுப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. சாக்கைக் காட்டி, எல்லாம் நீங்கள் பிடித்ததுதானே, வகுப்பில் ஏன் இவற்றைக் காட்டவில்லை என்று கேட்டேன்.

அத்தை என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "பெரிசை அளக்கக் கொடுத்துட்டு, பொடிசையா விருந்தாளி தட்டுல வைப்பாங்க? ஊர் மானம் என்னாகும்?"

அவ்வளவுதான் விஷயம். நல்லதெல்லாம் பானைக்கு, மிச்சம் அளவுகோலுக்கு. முதல் வருடம் அவரும், அப்போது அவர் மாணவியாக இருந்த நானும் மட்டும் வந்தோம். புகழ் வளர வளர மாணவர்கள், அதிகாரிகள், வெளிநாட்டுக்காரர்கள் என்று கூட்டம் பெருகியது. தட்டுகள் கூடக்கூட மிஞ்சிய நண்டு சிறுத்தது. அவர் வரைபடத்தில் சரிந்துகொண்டே வந்த கோடு, விருந்தாளிகள் வயிற்றின் கோடு.

கூட்டத்தில் இதைச் சொல்ல முடியுமா என்று அத்தையிடம் கெஞ்சினேன். தின்றவன் முகத்துக்கு நேரே தின்றதை எண்ணிக் காட்டுவதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊரில் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். இசிரேலியும் எங்களைப் போல ஒரு கிராமத்தில் வளர்ந்தவர்தான். யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

எல்லோரும் கை கழுவிவிட்டிருந்தார்கள், அவரைத் தவிர. பாயின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு கொடுக்கைக் கடித்து உடைத்துக்கொண்டிருந்தார். தேங்காய்ப்பால் மணிக்கட்டில் வழிந்து முழங்கைக்கு இறங்கியது. நாக்கை நீட்டி அதை நக்கினார். அந்த விரலாலேயே வரைபடத்தைத் தொட்டு, இந்த ஊர் நண்டு அழிந்துகொண்டிருக்கிறது என்றார். கோட்டின் மேல் எண்ணெய்க் கறை படிந்தது.



சாக்கை அவர் முன்னால் கவிழ்த்தேன். முப்பத்தொரு ஓடுகள். பதினாறுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. வகுப்பில் அளந்தவற்றின் சராசரி பதினொன்று. இரண்டையும் உரக்கச் சொன்னேன். பெண்கள் பாயைப் பார்த்துக் குனிந்தார்கள்.

இசிரேலி பதறவில்லை. பல்லிடுக்கில் இருந்ததைத் துப்பிவிட்டுச் சொன்னார். "வெந்த ஓட்டைக் கணக்குல சேர்க்கிறதில்ல. லோசாவுக்கே தெரியுமே."

தலைவர் ஓர் ஓட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார். "பெரிசெல்லாம் தன் தட்டுக்கு வருதுன்னு இவருக்குத் தெரியுமா?"

இசிரேலி சிரித்தபடி என்னைப் பார்த்தார். என்னால் வாயைத் திறக்க முடியாது என்று ஒன்பது வருடமாக நம்பிய சிரிப்பு.

"தெரியும். முதல் வருஷமே இவர் தட்டுல கிடந்த ஓட்டை எல்லாம் அளந்து நோட்டுல எழுதிக் காட்டினேன்" என்றேன். "அந்தப் பக்கத்தைக் கிழிச்சா எனக்குப் பட்டம்னு சொன்னார். நான்தான் கிழிச்சேன்."