பூஜ்யம் மில்லிமீட்டர்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பேருந்து ஜன்னலில் பிறந்தது. மயிலாடுதுறையிலிருந்து சீர்காழி போகிற வழியில், ஒரு வயலின் மூலையில், கம்பி வேலிக்குள் ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா வெயிலில் கண்ணைப் பறித்தது. கல்யாணத்துக்குப் பிரியாணி போட்டுவிட்டு யாரோ அண்டாவை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் ஒரு கம்பம், அதன் மேல் சோலார் தட்டு. பிரியாணிக்கு எதற்கு சோலார் என்று யோசித்து முடிப்பதற்குள் பேருந்து அந்த இடத்தைத் தாண்டிவிட்டது.

விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. தண்ணீர் வெயிலுக்கு எவ்வளவு ஆவியாகிறது என்று தானாகவே அளக்கிற நிலையம் அது. தொட்டியில் தண்ணீர் நிற்கும். சென்சார் மணிக்கொரு தரம் மட்டம் பார்க்கும். கம்பத்துப் பெட்டி அதை சிம் கார்டு வழியாகச் சென்னைக்கு அனுப்பும். மேட்டூரில் எவ்வளவு திறந்தால் கடைமடைக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுகிறவர்கள், வெயில் குடிக்கிற பங்கையும் கழிக்க வேண்டும் அல்லவா?

இவ்வளவு தெரிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். போய்ப் பார்க்கவில்லை. இதை நினைவில் வையுங்கள் என்று சொல்லமாட்டேன். நானே நாலாம் பகுதியில் மாட்டிக்கொள்வேன்.

தொடக்கங்கள்:

"கிழக்கே சூரியன்..." (விட்டுவிட்டேன். எல்லாக் கதையிலும் அது அங்கேதான் உதிக்கிறது.)

"ஆவியாதல் என்பது மனித வாழ்வின்..." (எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.)

"மைனஸ் பதினொன்று என்ற எண்ணைப் பார்த்ததும் சௌந்தரநாயகிக்குச் சிரிப்பு வந்தது." இது இருக்கட்டும்.

2

சௌந்தரநாயகி மயிலாடுதுறைக்காரி. முப்பத்தாறு வயது. கருவிகள் பழுதுபார்க்கும் டிப்ளமோ படித்தவள். பதினேழு நிலையங்களும் ஒரு ஸ்கூட்டியும் அவள் பொறுப்பு. வேலை ஒப்பந்த வேலை. வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பிப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நிலையத்துக்கும் போய், தொட்டியின் பாசியைத் தேய்த்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, சோலார் தட்டில் காக்கை எச்சத்தைத் துடைத்து, ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும்.

புரட்டாசி நடுவில் ஒருநாள் மேற்பார்வையாளர் ஜெக்கரியா போன் செய்தார்.

"வடக்குவெளி ஸ்டேஷன் என்னம்மா சொல்லுது?"

"நல்லாத்தான சார் இருக்கு."

"நேத்து ஆவியாதல் மைனஸ் பதினொண்ணு மில்லிமீட்டர். மழையில்ல, ஒண்ணுமில்ல. தண்ணி போகாம வந்திருக்கு. போய்ப் பாரு."

அவள் சிரித்துக்கொண்டே பழைய பதிவுகளை எடுத்தாள். சிரிப்பு நின்றுபோனது. மைனஸ் ஒரே ஒரு நாள்தான். அதற்கு முன்னால், ஆனி கடைசியிலிருந்து, தினமும் பூஜ்யம். வெயில் மண்டையைப் பிளந்த ஆடியிலும் பூஜ்யம். காவிரிப் படுகையில் ஒரு தொட்டித் தண்ணீர் மட்டும் சூரியனோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டிருந்தது.

(இத்தனை நாள் ஏன் ஒருவரும் கவனிக்கவில்லை என்று கேட்பீர்கள். பூஜ்யத்துக்கு யாரும் போன் செய்வதில்லை. கணினி மைனஸுக்குத்தான் சிவப்பு விளக்கு காட்டும்.)

மறுநாள் விடிந்ததும் வடக்குவெளியில் அவள் ஸ்கூட்டியை நிறுத்தியபோது, வேலியைச் சுற்றி நாலாபுறமும் குறுவை நெல் முற்றித் தலைசாய்ந்து நின்றது. அதைப் பார்த்ததும் அவள் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்தாள். ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன். இப்போது வேலிக்குள் ஒரு பெண் குடத்தோடு நிற்கிறாள். அவளைக் காக்க வைக்கக்கூடாது.

அவள் ரஹ்மத் பீவி. நாற்பதைத் தொடுகிற வயது. மாமனார் காலத்திலிருந்து அந்த இரண்டு ஏக்கரை அவள் குடும்பம்தான் குத்தகைக்குப் பயிரிடுகிறது. கணவர் இறந்தபின் அவளே. தொட்டியைச் சுற்றிப் புல் செதுக்குவதற்காக, முன்பிருந்த ஆய்வாளர் வேலிச் சாவி ஒன்றை அவளிடம் கொடுத்திருந்தார்.

"தண்ணி ஊத்துறீங்களா?"

"ஆமா மேடம். தெனமும் விடிஞ்சதும் ஊத்திருவேன். உள்ள கோடு போட்டிருக்காங்கல்ல, அது வரைக்கும். முந்தாநாத்து காரைக்கால்ல எங்க தங்கச்சி மக நிக்காஹ். ரெண்டு நாள் வரமாட்டேனேன்னு ஒரு கொடம் கூடவே ஊத்திட்டுப் போனேன்."

ஒரு குடம் அந்தத் தொட்டியில் பதினொரு மில்லிமீட்டர். சௌந்தரநாயகி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மாதமாகச் சென்னை வாங்கிக்கொண்டிருந்த அறிவியல் அந்தப் பித்தளைக் குடத்தில் இருந்தது.

"எதுக்குங்க ஊத்துறீங்க? அது குறையணும். எவ்வளவு குறையுதுன்னு பாக்கத்தான் வெச்சிருக்கு."

ரஹ்மத் பீவி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். "காஞ்சு போனா இத எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு நெனச்சேன். எடுத்துட்டா இந்தப் பக்கம் எழுதுற ஆளு ஒருத்தரும் வரமாட்டாங்க. நீங்கதான் வந்து சுத்திலும் என்ன பயிரு இருக்குன்னு பாத்து எழுதுவீங்கன்னு பழைய சார் சொன்னாரு. கிராமத்துக் கணக்குல தரிசுன்னு எழுதிட்டாங்க மேடம். ஒங்க காயிதமாவது இருக்குமேன்னுதான்."

பிறகு சொன்னாள்: "ஆடிக் கடசில நீங்க வந்தப்ப நான் சீர்காழிக்குப் போயிருந்தேன் போலருக்கு. பாக்க முடியல."

சௌந்தரநாயகி தொட்டியைக் காலிசெய்து பாசியைத் தேய்க்கத் தொடங்கினாள். தேவைக்கு மேல் தேய்த்தாள். கிளம்பும்போது படிவத்தில், சுற்றிலும் கதிர் முற்றிய நெல் என்று எழுதினாள்.

3

அவள் ஆடிக் கடைசியில் வரவில்லை.

அன்று உரம் கேட்டு சாலை மறியல். வைத்தீஸ்வரன்கோயில் தாண்டி ஒரு வண்டியும் நகரவில்லை. மறுநாள் காலைக்குள் பதினேழு படிவமும் போக வேண்டும். பதினாறு முடிந்திருந்தது. மறியலுக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பதினேழாவதை நிரப்பினாள். பேட்டரி சரி. தொட்டி மட்டம் சரி. 'நூறு மீட்டர் சுற்றளவில் நிலத்தின் நிலை' என்று ஒரு கட்டம். பக்கத்தில் ஈர வயல் இருந்தால் ஆவியாதல் குறையும் என்பதால் அதைக் கேட்பார்கள். சித்திரையில் எழுதிய படிவத்தைப் பார்த்து அப்படியே இறக்கினாள்: தரிசு.

சித்திரையில் அது உண்மை. கோடையில் வயல் காய்ந்துதான் கிடக்கும். ஆடியில் அது ஒரு டீ ஆறுகிற நேரத்தில் எழுதிய பொய்.

4

(இங்கே எனக்கு ஒரு சங்கடம். மேலே உள்ள டீக்கடைப் பகுதியை ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். வயலைப் பற்றி எழுதும்போது நாலு தரம் கிழித்த எனக்கு இது எப்படி இவ்வளவு சரளமாக வந்தது என்று யோசித்தேன். காரணம் சுலபம். போகாமல் எழுதுவதில் எனக்கு அனுபவம் அதிகம். வடக்குவெளிக்கு நான் போனதே இல்லை. ரஹ்மத் பீவியின் குடம் பித்தளையா பிளாஸ்டிக்கா என்று எனக்குத் தெரியாது. பித்தளை என்றால் வாக்கியம் நன்றாக இருந்தது. சௌந்தரநாயகியைத் திட்டுகிற தகுதி இந்தக் கதையில் எனக்குத்தான் கடைசியாக உண்டு. ஆகவே திட்டாமல் மேலே போகிறேன்.)

5

இனி உலகநாதன் வரவேண்டும்.

முதல் வரைவில் அவருக்கு முறுக்கு மீசை, கனத்த சங்கிலி, ஒரு ஜீப் எல்லாம் கொடுத்திருந்தேன். அப்படி ஒருவர் வந்தால் சௌந்தரநாயகி கதவையே திறக்கமாட்டாள் என்று தோன்றியது. ஆகவே அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கையில் ஒரு சீப்பு பூவம்பழத்தோடு வந்தார்.

நிலத்தின் சொந்தக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். இங்கே எல்லாம் பார்த்துக்கொள்வது உலகநாதன். அது ஆட்சி மாறிய வருஷம். சுவர்களில் ஒரு சின்னத்தை வெள்ளையடித்து இன்னொரு சின்னம் ஏறியிருந்தது. வயல்களில் நட்ட மனைக்கல்லின் மஞ்சள் மட்டும் இரண்டு ஆட்சிக்கும் பொது. அந்த இரண்டு ஏக்கரையும் மனை போட வேண்டுமானால் அங்கே குத்தகைதாரர் என்று யாரும் இருக்கக்கூடாது. ரஹ்மத் பீவியோ, தன்னைக் குத்தகைதாரராகப் பதிவு செய்யச் சொல்லி தாசில்தாரிடம் மனு போட்டிருந்தாள். குத்தகைக்கென்று அவளிடம் ஒரு காகிதமும் இல்லை. மாமனார் வாய்ப்பேச்சில் எடுத்த நிலம். மனுவோடு சேர்க்க அவளுக்குக் கிடைத்தது சௌந்தரநாயகியின் புரட்டாசிப் படிவத்தின் நகல் மட்டும்.

உலகநாதனிடம் இரண்டு காகிதம் இருந்தது. ஒன்று அடங்கல், எந்த வயலில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் வைரக்கண்ணு எழுதுகிற கணக்கு. அதில் தரிசு. இன்னொன்று, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு வாங்கிய சௌந்தரநாயகியின் ஆடி மாதப் படிவம். அதிலும் தரிசு. அறுப்பு முடிந்த மூன்றாம் நாளே டிராக்டர் விட்டுத் தாளையும் மடக்கி உழுதுவிட்டார். இப்போது நிலத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"புரட்டாசில நீங்க எழுதுனதுல கதிர் முத்தியிருக்குன்னு போட்டிருக்கீங்க" என்றார் உலகநாதன், மிகவும் வருத்தமாக. "ஆடிக் கடசில தரிசு, அம்பது நாள்ல முத்துன கதிரு. அப்படி ஒரு நெல்லு இருந்தா நானே வெதச்சிருவேன். ஏதோ ஒண்ணுல ஒங்களுக்குக் கை தவறியிருக்கு. ரெண்டாவதுலதான் தவறிடுச்சுன்னு சொல்லிட்டா ஒங்களுக்கும் தொந்தரவில்ல."

"முதலாவதுல தவறியிருந்தா?"

"தவறுறது வேற. போகாம எழுதுறது வேற. ஒங்களுக்குத் தெரியாததா?"

அவருக்கு மறியல் நடந்த தேதி தெரிந்திருந்தது. பழத்தை வைத்துவிட்டுப் போனார். அவள் அதைத் தொடவில்லை என்று எழுதினால் அவளுக்குப் பெருமையாக இருக்கும். இரண்டு பழம் சாப்பிட்டாள். யோசித்துக்கொண்டிருக்கும்போது கை தானாகப் போய்விட்டது.

சாயங்காலம் ஜெக்கரியாவும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். "ரெண்டாவது தப்புன்னு சொல்லிடும்மா. போகாம எழுதினேன்னு வாயத் தெறந்தா அடுத்த வருஷம் உன் பேரு லிஸ்ட்ல இருக்காது. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

6

ஐப்பசியில் விசாரணை. தாலுகா அலுவலகத்தில் தாசில்தார் சாவித்திரி மேஜைக்குப் பின்னால். மின்விசிறிக்குக் கீழே தட்டச்சர். ஒரு பக்கம் உலகநாதனும் அவர் வக்கீலும். எதிரே ரஹ்மத் பீவி, வக்கீல் இல்லாமல். சுவரோரம் வைரக்கண்ணு, மடியில் அடங்கல் புத்தகம். ஓய்வுபெற அவருக்கு எட்டு மாதம் இருந்தது.

இரண்டு படிவங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

"ரெண்டுலயும் உங்க கையெழுத்துதானே?" என்றார் சாவித்திரி, சௌந்தரநாயகியிடம்.

"ஆமா மேடம்."

"ரெண்டும் உண்மையா இருக்க முடியாது. எது தப்பு?"

(இந்த இடத்தில் நான் மூன்று வாரம் நின்றேன். ஒரு வரைவில் அவள், "ரெண்டாவது" என்கிறாள். அந்த வரைவில் அவள் வீடு திரும்பி நிம்மதியாகத் தூங்குகிறாள். அதுதான் என்னை உறுத்தியது. அவளால் தூங்க முடியும் என்பதை நான் நம்பிவிட்டேன். கிழித்தேன்.)

"முதல்ல எழுதினது மேடம். அன்னிக்கு மறியல். நான் அங்க போகவேயில்ல. டீக்கடையில உக்காந்து, சித்திரையில எழுதினதப் பாத்து எழுதினேன்."

ரஹ்மத் பீவி மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். மூன்று மாதம் விடியற்காலையில் குடம் சுமந்தவளின் பார்வை. அதில் கோபம் இருந்திருந்தால் சௌந்தரநாயகிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கணக்குதான் போட்டுக்கொண்டிருந்தாள்: எத்தனை குடம்.

வக்கீல் எழுந்தார். "மேடம், போகாமலே போனேன்னு எழுதினவங்க இவங்க. அன்னிக்குச் சொன்னது பொய், இன்னிக்குச் சொல்றது மட்டும் உண்மைன்னு எப்படி நம்புறது? ரெண்டாவதும் டீக்கடையில எழுதினதா இருக்கலாமே."

நியாயமான கேள்வி. நான் இதற்கு ஒரு பதில் தயார்செய்து வைத்திருந்தேன். ஆனி கடைசியிலிருந்து தினமும் காலை ஆறரைக்குத் தொட்டியில் மட்டம் ஏறுகிறதே, அந்த வரைபடத்தை அவள் எடுத்து விரிக்க வேண்டும். எல்லாரும் வாயடைத்துப்போக வேண்டும். அவள் விரித்தாள். சாவித்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தண்ணி ஊத்தினாங்கன்னு தெரியுது. தொட்டிக்குத் தண்ணி ஊத்தினா வயல்ல நெல்லு இருந்ததா ஆயிடுமா?"

ஆகாது. என் திட்டம் அதோடு முடிந்தது. அடுத்து அவள் சொன்னது எந்த வரைவிலும் இல்லாதது.

"என்னைய நம்ப வேண்டாம் மேடம். அவரு கேக்குறது சரிதான். என்னோட ரெண்டு காயிதத்தையும் எடுத்துடுங்க."

"ரெண்டையுமா? இந்த அம்மாவுக்கு இருக்கிற ஒரே காயிதம் ரெண்டாவதுதான்."

"தெரியும் மேடம்." அவள் ரஹ்மத் பீவியைப் பார்த்தாள். அனுமதி கேட்கிற பார்வை.

ரஹ்மத் பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "எடுத்துருங்க" என்றாள். "போகாம எழுதுனது எல்லாத்தையும் எடுத்துருங்க."

'எல்லாத்தையும்' என்பதை அவள் அழுத்திச் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன்.

சாவித்திரி இரண்டு படிவங்களையும் மடித்து உறையில் போட்டு மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார். இப்போது மேஜையில் ஒன்றுமில்லை.

7

சௌந்தரநாயகியின் வேலை போய்விட்டது, சொல்லிவிடுகிறேன். வேலை போகாத மாதிரி எழுதிப் பார்த்தேன், அதற்கு ஜெக்கரியா மனம் மாறவேண்டியிருந்தது, அவர் மாறவில்லை. இப்போது திருவிடைமருதூர்ப் பக்கம் சோலார் பம்புசெட் பழுதுபார்க்கிறாள். மறியல் நடந்தால் இறங்கி நடக்கிறாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. விசாரணை இன்னும் முடியவில்லை. சாவித்திரி நாற்காலியைத் திருப்பிச் சுவரோரம் பார்த்தார்.

"அப்ப மிச்சம் இருக்கிறது அடங்கல் ஒண்ணுதான். வைரக்கண்ணு சார், நீங்க எழுதுறப்ப வயலுக்குப் போனீங்களா?"

அறையில் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். உலகநாதன் மட்டும் பார்க்கவில்லை. அவர் தன் விரல் நகங்களைப் பார்த்தார்.

"போனேன்" என்றால் மனு தள்ளுபடி. தை பிறப்பதற்குள் மஞ்சள் கல். "போகல" என்றால் அடங்கலும் மேஜையின் ஓரத்துக்குப் போகும். அக்கம்பக்கத்து வயல்காரர்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அவருடைய எட்டு மாதம் என்ன ஆகும் என்று அவருக்குத்தான் தெரியும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் வைரக்கண்ணுவை எனக்குப் பிடிக்காமல் போனது. இரண்டாவதில் என்னை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துப்போனது. அது அதைவிட மோசம்.

ஆகவே வைரக்கண்ணுவின் இடத்திலிருந்து நான் எழுந்துகொள்கிறேன். சுவரோர நாற்காலி காலியாக இருக்கிறது; அடங்கல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் உட்காருங்கள். ரஹ்மத் பீவி உங்களைத்தான் பார்க்கிறாள். தாசில்தார் கேட்டுவிட்டார். பதிலைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். மின்விசிறி இரைச்சலில் தட்டச்சருக்குச் சரியாகக் கேட்பதில்லை.