மூன்றாவது மகரந்தப்பை

1
ஒற்றைச் சொல்லிலிருந்து வந்தது இந்தக் கதை. ஜப்பானின் கியூஷு தீவில் ஒரு புல் ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடம் செடித்தொட்டி கழுவியவன் நான். அந்தச் சொல் என் காதிலும் விழுந்தது.

2
தொடக்கம்: 'மே மாத வெயிலில் புற்கள் அசைந்தன—' சே! புல் அசையாமல் வேறென்ன செய்யும்?

மறுபடி. உதவியாளர் தோக்கியேவுக்குப் பயமாக இருந்தது. இரண்டு காட்டுப் புற்கள் சொந்தமா என்று அறிய, ஒன்றின் மகரந்தத்தை மற்றதில் தூவுவார்கள். பிறக்கும் செடியில் குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்தால் சொந்தம். தூவுமுன் தாய்ப்பூவின் மகரந்தப்பைகளைச் சாமணத்தால் பிடுங்கிவிட வேண்டும். பூவுக்கு மூன்று.

போன வருடம் நூற்றுப்பத்துப் பூக்களில் தூவி, முளைத்தது ஒரே செடி. நாற்பத்தேழாம் பூவின் பிள்ளை. அந்தப் பூவில் மூன்றைப் பிடுங்கினாளா, இரண்டையா? நினைவில்லை.

(முதலில் அவளை அலட்சியக்காரியாக எழுதியிருந்தேன். பாவம், அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3
"தோக்கியே-சான், ஓடி வாங்க!" நுண்ணோக்கியை விட்டு எழாமலே கத்தினார் பேராசிரியர் ஹதானோ. "இருபத்தோரு ஜோடி! ஒண்ணுகூட தனியா நிக்கல. ரெண்டும் ஒரே ரத்தம்னு சொன்னப்போ டோக்கியோக்காரங்க சிரிச்சாங்கல்ல? நாளைக்குச் சிரிக்கட்டும் பாப்போம்!"

"செடி அப்படியே அம்மா ஜாடையா இருக்கே, சென்செய்..." என்று ஆசிரியரிடம் இழுத்தாள்.

"புள்ள அம்மா மாதிரி இருந்தா குத்தமா? போங்க, டீ கொண்டாங்க. இன்னைக்காவது சூடா!"

அவள் தேநீர்க் கெண்டியை அடுப்பில் வைத்தாள். ஒரு பை தப்பியிருந்தால், தாய் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றிருக்கும். அப்போதும் இதே இருபத்தோரு ஜோடிதான் தெரியும். நாளைக் காலை மாநாடு. பின்னால் குட்டு வெளிப்பட்டால் கிழவரின் மானம் கப்பலேறிவிடும்.

4
முடிவு அ: சொல்லிவிடுகிறாள், அவர் அமைதியாகத் தலையசைக்கிறார். (பொய். அவர் கூரை பறக்கக் கத்துவார்.)

முடிவு ஆ: சொல்லவில்லை, புற்கள் நிஜமாகவே சொந்தம் என்று பிறகு தெரிகிறது. (எனக்கும் ஆசைதான். கோழைத்தனம்.)

முடிவு இ: அவள் துணிந்து வாயைத்—

5
நடந்ததை மட்டும் சொல்கிறேன். அவர் பதிவேட்டைத் திறந்தார்.

"ஒரு வரி விட்டுப்போச்சே. நாப்பத்தேழாம் பூ. மூணையும் எடுத்தீங்கல்ல?"

"ஹை," என்றாள்.

எங்கள் பேச்சில் அதற்கு 'ஆமாம்' என்று பொருள். 'காதில் விழுந்தது, சொல்கிறேன்' என்றும் பொருள். உங்கள் 'ம்' மாதிரி. அவள் மூச்சை இழுத்தாள்; அடுத்த வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் அவர் 'மூன்று' என்று எழுதிவிட்டார்.

மை இன்னும் ஈரமாக இருக்கிறது. முடிவை நான் எழுதினால் அவளைக் காப்பாற்றத்தான் பார்ப்பேன். நீங்களே சொல்லுங்கள், அவள் சொன்னது எந்த 'ஹை'? சீக்கிரம், அவர் ஏட்டை மூடப்போகிறார்.